வண்டிப்பேட்டையிலிருந்து பேஷ்வா கோட்டைக்கு

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் தவுண்டைத் தாண்டி புனேயை நெருங்கும்போது ஹடப்சர் ஸ்டேஷன் வந்து போகும். யாரும் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை; எல்லோரும் பெட்டிகளை இழுப்பதில் மும்முரம். ஆனால் பிள்ளையோ பெண்ணோ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கிழக்குப் புறநகர்தான் புனே. பார்க்க வந்த பெற்றோர் இரண்டாம் நாளே ஆரம்பிப்பார்கள்: "இங்கே என்னப்பா இருக்கு? ஊருக்குள்ளே கூட்டிப் போ."

பயணம் காடீதளில் தொடங்குகிறது. பெயரைத் தமிழில் சொன்னால் வண்டிப்பேட்டை. மாட்டுவண்டிகள் போய்விட்டன, நெரிசல் போகவில்லை. பஸ், ஷேர் ஆட்டோ, சோலாப்பூர் லாரி, ஹெல்மெட் போடாத பைக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே சாலைக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். பழைய நகரம் இங்கிருந்து சுமார் 10 கி.மீ. டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி புனேயில் 10 கி.மீ. கடக்க சராசரியாக 33 நிமிடம் 22 விநாடி ஆகிறது. உலகில் நான்காவது மெதுவான நகரம். சனிக்கிழமை மாலை புறப்பட்டவர்கள் இந்த சராசரியைக் கேட்டால் சிரிப்பார்கள். பஸ்களுக்குத் தனிப்பாதை என்று 2006ல் நாட்டிலேயே முதலில் சோதனை பார்த்த திட்டத்தில் இந்தச் சாலையும் உண்டு. பஸ் வேகம் பிடிக்கவில்லை. மண்டயி சந்தைக்கு அடியிலேயே 2024 செப்டம்பரில் மெட்ரோ ஸ்டேஷன் திறந்தாயிற்று. ஹடப்சர்வாசிகளுக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாணம்.

மண்டயி என்றால் மராத்தியில் காய்கறிச் சந்தை. கூட்டத்தில் சிக்கியவருக்கு தமிழ் மண்டையும் நினைவுக்கு வரும். எண்கோணக் கோபுரத்தோடு 1886ல் திறக்கப்பட்ட வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் இது. எதிரே துளசிபாக். நடுவில் பேஷ்வா காலத்து ராமர் கோயில், சுற்றிலும் வளையல், கவரிங் நகை, பூஜைச் சாமான், பித்தளைப் பாத்திரம். குழந்தைகளுக்கான சொப்புச் சாமான்களில் அடுப்பு, அம்மி, இடுப்பளவு அண்டாவின் விரலளவு நகல் வரை கிடைக்கிறது. ஹிந்தி தெரியாத தமிழ்ப் பாட்டிகள் விரல்களைக் காட்டியே பேரம் படித்துவிடுகிறார்கள். தோற்பது பெரும்பாலும் கடைக்காரர். மதியம் ஒரு மணிக்குப் போனால் பல பழைய கடைகளில் ஷட்டர் இறங்கியிருக்கும். புனேக்காரரின் பகல் தூக்கத்தை வியாபாரம் இன்னும் முழுசாக ஜெயிக்கவில்லை.

நிஜமாகவே வாங்க வேண்டிய பொருள் கசபா பேட்டையில் இருக்கிறது. தாம்பட் ஆளி, அதாவது செம்புக் கொல்லர் தெரு. சுத்தியல் புள்ளிகள் மின்னும் செப்புப் பாத்திரங்கள். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தால் கடை தெரிந்துவிடும்.

அங்கிருந்து சனிவார் வாடா நடக்கும் தூரம்தான். முதலாம் பாஜிராவ் 1732ல் கட்டி முடித்த மாளிகை, 1828ல் தீயில் போயிற்று. மிச்சம் மதிலும் வாசல்களும். யானை முட்டாதபடி கூர்முனைகள் பதித்த தில்லி வாசல் முன்னால் எல்லோரும் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஹடப்சரிலிருந்து வந்தவர்களுக்கு யாரும் சொல்லாத ஒரு செய்தி உண்டு. 1802 அக்டோபர் 25, தீபாவளி நாளில், இந்த மாளிகையின் கடைசி பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவின் படையையும் சிந்தியாவின் படையையும் யஷ்வந்த்ராவ் ஹோல்கர் முறியடித்தது ஹடப்சர் வெளியில்தான். ஓடிப்போன பேஷ்வா டிசம்பர் 31ல் வசாயில் ஆங்கிலேயரிடம் கையெழுத்துப் போட்டார். 1818ல் ஆட்சியே முடிந்தது. அந்தக் களத்தின் மேல்தான் காலையில் பஸ் ஊர்ந்து வந்தது.

திரும்பி வர இருட்டிவிடும். வரும் வழியில் அமனோரா, சீசன்ஸ் என இரண்டு பெரிய மால்கள் எதிரெதிரே பளபளக்கின்றன. இதே வளையல் இங்கே குளிர்சாதனத்தில், பேரமில்லாமல், கூடுதல் விலையில்.

பக்கத்தில் மகர்பட்டா சிட்டி. மரம் சூழ்ந்த சாலை, நடைபாதை, தோட்டம். வெளியிலிருக்கும் ஹடப்சருக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒழுங்கு. யாரோ பெரும் முதலாளியின் கைவரிசை என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். அது சுமார் 120 விவசாயக் குடும்பங்களின் நிலம். நகரம் வயலை நெருங்கியபோது ஆளுக்கொரு விலைக்கு விற்றுவிட்டுப் போகாமல், சதீஷ் மகர் தலைமையில் 400 ஏக்கர் அளவுக்கு ஒன்றாகச் சேர்த்தார்கள். நிலத்தின் அளவுக்கேற்ப கம்பெனியில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். கட்டுமானம் 2000ல் தொடங்கியது. நிலத்தை விற்ற பணத்தில் ஜீப் வாங்கி, ஜீப்பையும் விற்ற கதைகள் எல்லா நகரங்களின் விளிம்பிலும் கேட்பவைதான். இங்கே நடந்தது வேறு. பிள்ளை வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடத்தின் வருமானத்தில் ஒரு பங்கு, அதே இடத்தில் கரும்பு போட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்கிறது.