மார்கழியில் போன கப்பல்

போன தீபாவளி முடிந்த வாரம், துபாயில் என் அறையில் உட்கார்ந்து இரண்டு கப்பல்களை ஒப்பிட்டு எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டேன். அறை வாடகை, ஜன்னல் உண்டா இல்லையா, சைவச் சாப்பாடு, வைஃபை, எந்தெந்த ஊரில் நிற்கும் என்று பதினாறு வரிசைகள்.

இரண்டுமே துபாயிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிற ஒருவழிப் பயணங்கள். குளிர்காலம் முழுக்க வளைகுடாவில் சுற்றும் சொகுசுக் கப்பல்கள், வெயில் ஏறத் தொடங்கியதும் வேறு கடலுக்கு இடம் மாறும். ரீபொசிஷனிங் என்பார்கள். கப்பல் எப்படியும் போயாக வேண்டும், காலியாகப் போவானேன் என்று ஆள் ஏற்றிக்கொள்வார்கள். கரையில் நிற்கும் நாட்கள் குறைவு, கடலில் கழியும் நாட்கள் அதிகம். அதனால் ஒரு நாளைக்கு ஆகும் செலவும் குறைவு.

முதல் கப்பல் பிப்ரவரிக் கடைசியில் கிளம்புகிறது. புதிது, பெரிது. கொச்சி, கொழும்பு, பினாங்கு என்று நின்று போகும். இரண்டாவது மார்ச் கடைசியில். பழையது, சிறியது, விலையும் கூட. கொழும்பை விட்டால் நேரே சிங்கப்பூர்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு அட்டவணையைப் படித்துக் காட்டினேன். ஜன்னலைப் பற்றியும் கேட்கவில்லை, சாப்பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

"எப்பெப்ப கெளம்புது, அத மட்டும் சொல்லு."

சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்றேன்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "திருச்சில ஏறுனா நாலு மணி நேரத்துல சிங்கப்பூரு. இவங்களுக்குக் கப்பல் கேக்குது."

அப்பாவுக்கு ஏன் கப்பல் கேட்கிறது என்பது அம்மாவுக்கும் தெரியும். இரண்டு கப்பல்களில் எதில் போவது என்கிற கேள்வி எங்கள் வீட்டுக்கு அறுபது வருஷப் பழசு.

*

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். காவிரி நேராக எங்களுக்கு வராது. கல்லணையில் பிரிந்து, தஞ்சாவூருக்குள் புகுந்து வரும் கல்லணைக் கால்வாய்தான் எங்கள் தண்ணீர். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934வாக்கில் வந்த வாய்க்கால். இத்தனை வருஷம் ஆகியும் பெரியவர்களுக்கு அது 'புது ஆறு'தான். அந்தத் தண்ணீர் வந்தும் பங்காளிகளுக்குப் பிரித்த நிலம் போதாமல், இந்தப் பக்கத்து ஆண்கள் கடல் தாண்டினார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் மலேயாவோ சிங்கப்பூரோ போகாத ஓர் ஆளாவது இல்லாத தெரு அபூர்வம்.

அவர்கள் எல்லோரும் போன வாசல் நாகப்பட்டினம். சென்னையில் கிளம்பும் கப்பல் நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். நாகையில் கப்பல் கரையைத் தொடாது. ஆழம் போதாது. கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், அலையில் ஆடிக்கொண்டே ஏணி ஏற வேண்டும்.

அந்தத் தடத்தில் நெடுங்காலம் ஓடியது எஸ்.எஸ். ராஜுலா. 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். நடுவில் இரண்டாம் உலகப் போருக்கு ராணுவத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடி நம் ஆட்களை ஏற்றியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் கோரைப்பாயை விரித்துத் தலைமாட்டில் டிரங்குப் பெட்டியை வைத்தால் அதுதான் இடம். ஒரு வாரத்துக்கு மேல் அதில்தான் தூக்கம், சீட்டாட்டம், வாந்தி எல்லாம்.

இன்னொன்று ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ். அரசாங்கக் கப்பல். 1961இல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் உருவானபோது அதன் கீழ் வந்தது. ராஜுலாவைவிட வயதில் இளையது. ஆனால் எங்கள் ஊரில் ராஜுலாவுக்குத்தான் பேர். எத்தனையோ பேரைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்த ராசியான கப்பல். வீட்டில் யாராவது அவசரப்பட்டு ஒரு காரியம் செய்து கெட்டுப்போனால் அப்பாயி சொல்லும் சொலவடை இது: "ராஜுலாவுக்கு இருந்துருக்கலாம்ல?"

அது சும்மா வந்த சொலவடை இல்லை.

*

தாத்தா 1952இல் இருபது வயதில் ராஜுலாவில் போனார். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. 1956இல் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு போனார். மறு வருஷம் அப்பா பிறந்தார். 1963இல் விடுப்பில் வந்தவர் ஆறு வயது மகனை முதல் தடவையாகப் பார்த்தார்.

திரும்பிப் போவதற்குத்தான் இரண்டு கப்பல். மார்கழிக் கடைசியில் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ். தை கடைசியில் ராஜுலா. நடுவில் பொங்கல், சம்பா அறுப்பு. அப்பாயி நிறைமாதம். யாரைக் கேட்டாலும் ராஜுலாவுக்கு இரு என்றுதான் சொல்வார்கள். சொல்லவும் செய்தார்கள். மார்கழியில் யாராவது பயணம் கிளம்புவார்களா? தாத்தா கிளம்பினார். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து நாகைக்கு ரயில்.

தையில் அத்தை பிறந்தது. கதிர் அறுக்க ஆள் பிடித்ததும், களத்தில் நின்று மரக்கால் போட்டு அளந்ததும் அப்பாயியின் அண்ணன். தாத்தா அடுத்து வந்தது 1968இல். நாலு வயது அத்தை அவரைப் பார்த்து வீறிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடியதாம். பிறகும் நெடுநாள் 'அப்பா' என்று கூப்பிடவில்லை. 'சிங்கப்பூர்க்காரரு' என்றுதான் சொல்லும்.

அப்பாவின் மனதில் அது வேறு மாதிரி தங்கிவிட்டது. "அவருக்கு இஞ்ச இருக்கப் புடிக்கல. மொதல்ல வந்த கப்பல்ல ஏறிட்டாரு. அவ்ளோதான்." தாத்தா உயிரோடு இருந்தவரை இதை அவர் முகத்துக்கு நேராக அப்பா கேட்டதில்லை. தாத்தாவும் ஏன் போனேன் என்று சொன்னதில்லை. சாயங்காலம் திண்ணையில் இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ரேடியோ பேசிக்கொண்டிருக்கும்.

*

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஓட்டு வீட்டின் பாதிக் கூரையைக் கொண்டுபோனது. கொல்லையில் இருந்த பதினெட்டுத் தென்னையில் நின்றது மூன்று. நான் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். பரணில் இருந்த சாமான்களை வெயிலில் காய வைத்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அவர் இறந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. மேலே இரண்டு கைலி, காலியான கோடாரித் தைலச் சீசா. அடியில் ஒரு துணிப்பையில் காகிதங்கள். பழைய பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்று, நான்காக மடித்த ஒரு தாள்.

அந்தத் தாள் ரீ-என்ட்ரி பெர்மிட். 1953இலிருந்து சிங்கப்பூருக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் ஊருக்கு வந்தால், குறித்த தேதிக்குள் திரும்பியாக வேண்டும். தேதி தவறினால் வேலையும் இல்லை, ஊரும் இல்லை. தாத்தாவின் பெர்மிட்டில் இருந்த தேதி 1964 ஜனவரி 20. தை கடைசியில் கிளம்பும் ராஜுலாவுக்காகக் காத்திருந்தால், அது நாகைக்கு வரும் முன்பே அந்தத் தாள் செல்லாததாகியிருக்கும்.

அதோடு ஒரு டிக்கெட்டும் இருந்தது. ராஜுலா டிக்கெட். முந்தின நவம்பருக்குப் போட்டது. அதில் அவர் போகவில்லை. பின்பக்கம் பென்சிலில், தாத்தாவின் கோணல் எழுத்தில், 'தம்பிக்குக் காச்சல்' என்று இரண்டே சொல்.

அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"எனக்கு டைஃபாய்டு வந்து பெரியாஸ்பத்திரில கெடந்தேன்னு அம்மா சொல்லுமே, அது எந்த வருசம்?"

அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அப்பாயியைக் கேட்கலாம் என்றால் அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தனக்கு யாரோ ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டிய ஞாபகம் அப்பாவுக்கு உண்டு. யார் ஊட்டினார்கள் என்பது ஞாபகத்தில் இல்லை.

அன்று சாயங்காலமே அத்தையை வரச் சொல்லித் தாளைக் காட்டினார். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. தேதியை மட்டும் விரலால் தடவிப் பார்த்தது.

"சரிண்ணே. தேதி இருக்கு. போவாம இருக்க முடியாது. ஆனா அத வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? அம்மா சாவுற வரைக்கும் ராஜுலா ராஜுலான்னு சொல்லிச்சே, அதுக்காவது?"

அப்பா பதில் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை பதில் இல்லை. காரணத்தைச் சொன்னால் மகனின் காய்ச்சலைச் சொல்ல வேண்டிவரும், ஆறு வயதுப் பையன் தலையில் அது ஏறும் என்று நினைத்தாரா? அல்லது விளக்கம் சொல்கிற வழக்கமே அந்தத் தலைமுறை ஆண்களுக்கு இல்லையா? நான் முதலாவதை நம்ப விரும்புகிறேன். விரும்புவதால் அது உண்மையாகிவிடாது.

*

கடற்படைத் தளத்திலிருந்து விலகப்போவதாக பிரிட்டன் 1968இல் அறிவித்தது. 1971இல் தாத்தா மொத்தமாக ஊர் திரும்பினார், ராஜுலாவில். இரண்டு வருஷத்தில் ராஜுலாவின் ஓட்டமும் முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம், பாஸ்டர் என்ற பெயரில் பிரான்சிலிருந்து தென்னமெரிக்காவுக்கு ஓடிக்கொண்டிருந்த கப்பல். இடம் மாறி, பெயர் மாறி நம் கடலுக்கு வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு சிங்கப்பூருக்கான பயணிகள் கப்பல் நின்றுபோனது. நாகையிலிருந்து மறுபடி ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கிளம்பியது 2023 அக்டோபரில், அதுவும் காங்கேசன்துறை வரைக்கும்தான்.

அதனால்தான் துபாய். அதனால்தான் எக்செல். அப்பா தாத்தா போன கடலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கஜாவுக்குப் பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு கப்பலுமே நாகைப் பக்கம் வராது. இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு போகும். அதற்கப்பால்தான் தாத்தாவின் கடல். முதல் கப்பலாவது பினாங்கில் நிற்கும். தாத்தா வழியில் முதலில் பார்த்த அயல்கரை அதுதான்.

ஒரு வாரம் கழித்து அப்பா கூப்பிட்டார்.

"ரெண்டாவதுல போவலாம்டா."

"அப்பா, அது பழைய கப்பல். பினாங்குல நிக்காது. காசும் அதிகம்."

"இருக்கட்டும். பிப்ரவரிக் கடைசின்னா தாளடி அறுப்பு. போர் போட்ட எடத்துல ரெண்டாம் போகம் நிக்குது. அறுத்தாலும் உடனே எடுக்க மாட்டான். கொள்முதல் நிலையத்துல பத்து நாள் காவ கெடக்கணும். அதோட ஒன் அத்தைக்குப் பேரப்புள்ள பொறக்குற மாசம் அது. அதுவும் வரேங்குது. பாத்துட்டு வரட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. மார்ச்சில் எங்கள் ஆபீஸில் கணக்கு முடிக்கிற காலம். லீவுக்கு மேனேஜரிடம் கெஞ்ச வேண்டும். நெல்லைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"எனக்கு எந்தப் பேப்பர்லயும் தேதி போடலடா. நான் இருக்கலாம்."

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அட்டவணையை மூடினேன். ஏஜென்டிடம் சொல்லி முன்பணம் மட்டும் கட்டி மூன்று இடம் பிடித்து வைத்தேன். மீதியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அத்தை போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாய் எடுத்துக்கொண்டு வர வேண்டுமா?

மார்ச் இரண்டாம் வாரம், மதியம், ஆபீஸில் இருந்தேன். அப்பா அழைத்தார். பின்னால் தூற்றும் இயந்திரத்தின் இரைச்சல். கொள்முதல் நிலையத்திலிருந்துதான் பேசினார்.

"நெல்லு போட்டாச்சுடா. கடைசி மூட்டையும் தச்சாச்சு. புள்ளையையும் பாத்துட்டோம், பொம்பளப் புள்ள. இப்ப கட்டு மீதிப் பணத்த."