இடது மரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என் லேத்துக்கு வருவதெல்லாம் பம்பு ஷாஃப்ட், புல்லி, புஷ்தான். ஒருநாள் ஆவடி மெக்கானிக் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து இரண்டு வீல் போல்ட்டை மேசையில் கொட்டினார். டாட்ஜ் கிங்ஸ்வே, 1950-களின் வண்டி. ஒரு போல்ட் முழுசு, இன்னொன்று முறிந்தது.

"பையன் கழட்டுறேன்னு இறுக்கிட்டான்ணே."

சிரித்துவிட்டேன். பதினெட்டு வயதில் நானும் அதையே செய்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். போல்ட் தலையில் 'எல்' எழுத்து இருந்தது. சக்கரம் சுற்றும்போது தளர்ந்துவிடக் கூடாதென்று கிறைஸ்லர் கம்பெனி இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை வைத்தது. வழக்கமான பக்கம் ஸ்பானரைத் திருப்பினால் இறுகும். பைப் மாட்டி ஏறி மிதித்தால் முறியும்.

அரை அங்குல போல்ட், அங்குலத்துக்கு 20 மரை. இடது மரை வெட்டும்போது உளி உள்ளே வராது, தலைப்பக்கம் தொடங்கி வெளியே நடக்கும். அதனால் தலையை ஒட்டி முதலில் ஒரு சின்னப் பள்ளம் போட்டுக்கொள்ள வேண்டும். முப்பது வருஷக் கைக்கும் அந்த எதிர்நடை கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. நாலாவது போல்ட்தான் மனசுக்குப் பிடித்தது. முதல் மூன்றும் காயலான் டப்பாவுக்குப் போயின.

வண்டியைப் பார்க்க ஆவடிக்கே போனேன். வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டி அனுப்பியது. கிங்ஸ்வே என்பது உள்ளுக்குள் பிளிமத், முகம்தான் டாட்ஜ். ஊரார் அதன் குரோமையும் அகலத்தையும் பார்த்து மயங்குவார்கள். நான் பானட்டைத் தூக்கச் சொன்னேன். ஆறு சிலிண்டர், பலகை மாதிரி தட்டையான ஹெட், வால்வு அத்தனையும் பிளாக்குக்குள். சுற்றிலும் கை நுழைய இடம். லேத்தும் பொறுமையும் உள்ளவனை நம்பிச் செய்த எஞ்சின் அது.

பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். இது தப்பியிருக்கிறது. மெக்கானிக்குக்கோ ஆறு வோல்ட் வயரிங்கைப் பன்னிரண்டாக மாற்ற ஆசை. வேண்டாம் என்றேன். தடித்த வயர் போட்டு, எர்த் இடத்தைச் சுரண்டி முடுக்கினாலே ஸ்டார்ட் ஆகும்.

உங்கள் வீட்டு ஷெட்டிலும் அந்தக் காலத்து டாட்ஜோ பிளிமத்தோ நின்றால், பஞ்சர் பையனிடம் ஸ்பானரைக் கொடுக்கும் முன் இடப்பக்க போல்ட்டின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 'எல்' தெரிந்தால் கடிகாரம் சுற்றும் பக்கமே திருப்பிக் கழற்றச் சொல்லுங்கள்.