தேரி மணலில் திசை காண்போம்

உடன்குடி என்றதும் நாவில் கருப்பட்டி இனிக்கும். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பனங்கருப்பட்டியின் ஊருக்கு இன்னொரு செல்வமும் உண்டு. அருகிலுள்ள குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேட்டில், நிலவில்லா இரவில் காணக் கிடைக்கும் வானமே அது.

கிப்லாவை ‘மேற்கு’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால், உடன்குடிக்குக் கஃபத்துல்லாஹ்வின் திசை நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை சாய்ந்துள்ளது. வீடு கட்டித் தொழுகை அறை அமைப்போர் கருத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு இது. காந்த ஊசியும் கைபேசித் திசைகாட்டியும் இரும்புக் கம்பிகளின் அருகே தடுமாறும். விண்மீன்கள் தடுமாறுவதில்லை. அவற்றால் வழியறிவதைத் திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயம் இறையருளாகக் குறிப்பிடுகிறது. அரபு மாலுமிகள் துருவ நட்சத்திரத்தை ‘ஜாஹ்’ என்றழைத்து, அதன் உயரத்தை விரற்கணக்கில் அளந்து கடல் கடந்தனர்.

உடன்குடியில் அந்நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறத்தாழ எட்டரைப் பாகை உயரத்திலேயே நிற்கிறது. நீட்டிய கையின் முட்டியளவுகூட இல்லை. பனைகளும் அடிவான மூட்டமும் அதை எளிதில் மறைத்துவிடும். இங்குதான் புகைப்படக் கருவி துணைக்கு வருகிறது.

கருவியை முக்காலியில் அசையாது பொருத்தி, ரசமட்டத்தால் சமன்செய்து, வடக்கு நோக்கி ஒரு மணி நேரம் தொடர்ந்து படம் பிடியுங்கள். பூமி சுழல்வதால் ஒவ்வொரு விண்மீனும் 15 பாகை அளவுக்கு வளைகோடு வரைந்திருக்கும். அக்கோடுகள் அனைத்திற்கும் மையம் ஒன்றே. துருவ நட்சத்திரமே அம்மையத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாக விலகிச் சுற்றுவதுதான். படத்தில் அம்மையத்திற்கு நேர் கீழே எந்தப் பனை நிற்கிறதோ, அதுவே நேர் வடக்கு.

வீட்டு மனையிலும் இவ்வாறே செய்யலாம். மறுநாள் காலை, கருவி நின்ற இடத்திலிருந்து அந்த அடையாளத்தை நோக்கி 4 முழம் கயிறு பிடியுங்கள். அங்கிருந்து செங்கோணமாக மேற்கே 9 முழம் அளந்து முளையடியுங்கள். தொடங்கிய இடத்தையும் முளையையும் இணைக்கும் கோடு கிப்லாவை நோக்கும்.

இதைப் பகலிலும் சரிபார்க்கலாம். மே 28-ஐ ஒட்டிப் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16-ஐ ஒட்டிப் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் கஃபாவின் உச்சியில் நிற்கும். அப்போது செங்குத்தாக நட்ட கோலின் நிழல், கிப்லாவுக்கு நேரெதிரே விழும்.

பழைய பள்ளிவாசல்களின் ஸஃப்பை முன்வைத்துச் சச்சரவு வளர்ப்பதற்கன்று இக்கணக்கு. ஐயமுள்ளோர் ஆலிம்களிடம் கலந்து பேசட்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை தேரிக்கு அழைத்துச் சென்று, வடக்கு எதுவென்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.