பரீட்சைக்கு வராத கேள்வி

பத்தாம் வகுப்பில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. தலைமை நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தைத் தந்தது அந்த மாநாடுதான். மறுநாளே பெண்கள் மறியலில் இறங்கிச் சிறை சென்றார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73, அவர்களோடு சென்ற குழந்தைகள் 32.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “மிஸ், குழந்தைங்கள ஏன் ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க?”

பையன்கள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த இன்னொருத்தி, நான் வாய் திறப்பதற்குள், “வீட்ல விட்டுட்டுப் போனா யாருடி பாத்துக்குவா?” என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதானது. “இதெல்லாம் பரீட்சைக்கு வராது, வருஷத்தைக் குறிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

இரவு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. என் மகளுக்கு ஏழு மாதமாக இருந்தபோது தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். மதியத்துக்குள் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, வாக்குச்சாவடிக் கழிவறையில் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றினேன். அதுவும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா இருந்ததால்தான் என்னால் போக முடிந்தது. இவ்வளவு தெரிந்த நான்தான் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டேன்.

முதலில் சிறை சென்றவர்களில் டாக்டர் தருமாம்பாள் இருந்தார். அவருடைய மருமகள் சீதம்மாள் தன் இரண்டு குழந்தைகளோடு உடன் போனார். மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிறைக்குப் போகும் வீட்டில் பிள்ளைகளை யாரிடம் விடுவது? கடைசி வரிசைக்காரி சொன்னது சரியான பதில். அவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? தினமும் தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். தாமதமாக வருவதற்காக அவளை நான் எத்தனையோ நாள் வாசலில் நிற்க வைத்திருக்கிறேன்.

அந்தப் போராட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறை சென்றார்கள். அவர்களுக்கும் குழந்தைகள் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளை யாரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெண் இருந்தாள். 32 என்ற எண்ணை வீரத்துக்கு அடையாளமாகவே இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் போராடப் போகிற நேரத்திலும் பெண்ணின் இடுப்பை விட்டு இறங்காத ஒரு வேலையின் கணக்கும் அதில் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது, பரீட்சைக்கு வராத அந்தக் கேள்வி.

மறுநாள் வகுப்பில் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டவள் வெட்கப்பட்டாள். பதில் சொன்னவளோ, “பரவால்ல மிஸ்” என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். வகுப்பில் சிரிப்பில் அமுங்கிப்போகும் கேள்விகளையும் பதில்களையும் அதில் எழுதுகிறேன். ஆண்டின் கடைசி வகுப்பில் அவற்றை வாசிப்போம். எழுதிய ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் உண்டு. உப்புச் சத்தியாகிரகத்துக்கு நடந்தவர்களுக்குச் சமைத்தது யார் என்று போன வாரம் ஒரு பையன் கேட்டான்.

நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டே வரிகள். கேட்டவள் பெயரும் சொன்னவள் பெயரும் பக்கத்தில் இருக்கின்றன. வாசலில் நிற்க வைப்பதை நிறுத்திவிட்டேன்.