குளிரும் பழைய மோட்டாரும்

பேராக் நாட்டில் குளிரைப் பற்றிப் பேசினால் நகைப்பவர் பலர். ஈப்போவில் விடியற்காலையிலும் உஷ்ணம் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் நவம்பர் மழை பிடித்துக்கொண்டால், பழைய மோட்டார் வண்டிகள் காலையில் எழ மறுக்கும் என்பதைச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டவாசிகள் நன்கறிவர்.

நம்மிடமுள்ளது ஒரு மோரிஸ் மைனர். 1962க்குப் பின் வந்த 1098 சி.சி. எஞ்சின் உடையது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு நமது லயத்தில் எஞ்சியோர் பெரும்பாலும் முதியோரே. அவர்களுள் ஓர் அம்மையார், வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு ஈப்போ செல்லவேண்டியவர். நம் வண்டியையே நம்பியிருப்பவர். வண்டி ஒருநாள் படுத்தால் அவர் உடலில் நஞ்சும் நீரும் ஒருநாள் கூடத் தங்கும்.

பட்டறைக்காரர் ஒருவர் பாட்டரியை மாற்றச் சொன்னார். மற்றொருவர் கார்புரேட்டரே போயிற்றென்றார். அடுத்த வீட்டுப் பெரியவரோ, “கண்ணேறு, தம்பி! எலுமிச்சம்பழம் கட்டு” என்றார். மூவரும் பானட்டைத் திறந்து பார்க்கவில்லை என்பதே நாம் கண்ட ஒற்றுமை.

எஞ்சின் எழுவதற்குப் பெட்ரோல் கலந்த காற்றும், அழுத்தமும், பொறியும் வேண்டும். ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுழன்றது. ஆகவே பாட்டரி குற்றமற்றது. சோக்கை இழுத்துச் சுழற்றியபின் பிளக்கைக் கழற்றினோம், பெட்ரோலில் நனைந்திருந்தது. வெயில் ஏறிய பத்து மணிக்கு அதே வண்டி ஒரே சுழற்சியில் எழுந்ததால் அழுத்தத்திலும் குறையில்லை. எஞ்சியது பொறி ஒன்றே. மறுநாள் இருள் நீங்குமுன் விளக்கையணைத்து, பானட்டைத் திறந்துவைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிப் பார்த்தோம். டிஸ்டிரிபியூட்டர் மூடியின்மேல் நீலப் பொறிகள் பூரான்போல் ஊர்ந்தன! பிளக்குக்குச் செல்லவேண்டிய பல்லாயிரம் வோல்ட் மின்சாரம், ஈரம் படிந்த மூடியின் வழியே இரும்புக்கு ஓடிக்கொண்டிருந்தது. துடைத்து நோக்கினால், மூடியில் மயிரிழை போன்றதொரு வெடிப்பு, அதனுள் கரி. ஈரம் தங்கி மின்சாரத்துக்கு வழிகாட்டியது அதுவே. துணியால் துடைத்த அளவிலேயே வண்டி எழுந்துவிட்டது. எனினும் அது தற்காலிகச் சாந்தியே ஆதலால் மூடியையும் வயர்களையும் புதிதாக மாற்றினோம். செலவு ஒரு பாட்டரியின் விலைக்கும் குறைவு.

நிற்க. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் வேறொரு நோயுண்டு. மேகத்தினூடே ஏறுகையில் எஞ்சின் திணறி நிற்கும். பத்து நிமிஷம் சென்றால் தானே குணமாகும். பெட்ரோல் ஆவியாகும்போது உஷ்ணத்தை உறிஞ்சுவதால், காற்றிலுள்ள ஈரம் கார்புரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டியாய் உறைந்துவிடுகிறது. தானா ராத்தாவின் 15 டிகிரிக் குளிரே இதற்குப் போதும். வண்டி நின்றதும் எஞ்சினின் சூடு அக்கட்டியை உருக்கிவிடும். மெக்கானிக் வந்து பார்க்கையில் தடயமே இராது. பாவம், ஒரு குற்றமும் செய்யாத பெட்ரோல் பம்பு மாற்றப்படும்.

நம் வண்டிக்கோ இப்போது டிஸ்டிரிபியூட்டரின்மேல் பழைய டியூபில் வெட்டிய ரப்பர் உறையொன்று உண்டு. அம்மையார் ஐந்தரை மணிக்கே பையும் கையுமாய் வாசலில் நிற்கிறார்.