நாள் குறித்தவர்கள்

தன் பிறந்தநாளைக் கிழமை, நேரம், தெரு, கதவு எண் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லக்கூடிய கலைவடிவங்கள் உலகில் மிகச் சில. ஹிப்ஹாப் அவற்றுள் ஒன்று. 1973 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை, இரவு ஒன்பது மணி, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடம் என்று அதன் பிறப்புக் குறிப்பு அமைகிறது. பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி எடுக்கப் பணம் சேர்க்க நினைத்த சிண்டி கேம்ப்பெல் என்னும் மாணவி, அந்தக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, சிறு அட்டைகளில் கையால் எழுதிய அழைப்புகளை வழங்கி, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் வைத்து, இசைத்தட்டுகளை ஓட்டும் பொறுப்பைத் தம் அண்ணன் கிளைவிடம் ஒப்படைத்தார். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1955 ஏப்ரல் 16 அன்று பிறந்து, கூல் ஹெர்க் என்ற பெயரால் அறியப்பட்ட அந்த அண்ணன், ஆடுவோர் எந்த நொடிக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்தவர். பாடகரும் பிற கருவிகளும் ஒதுங்கிக்கொள்ள, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு ‘பிரேக்’ என்று பெயர். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றொன்றில் அதையே தொடங்கி, நொடிகளை நிமிடங்களாக நீட்டும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். அந்த நீட்சியின் மேல் பேச்சு ஏறியபோது ராப் உருவாயிற்று.

இந்தத் துல்லியம் தொடக்கத்தோடு நின்றுவிடவில்லை. வூ-டாங் கிளான் குழுவின் முதல் தொகுப்பும் ‘எ டிரைப் கால்ட் குவெஸ்ட்’ குழுவின் மூன்றாம் தொகுப்பும் 1993 நவம்பர் 9 என்னும் ஒரே நாளில் வெளிவந்தன என்பதை இவ்விசையின் அன்பர்கள் பாடம்போல ஒப்பிப்பார்கள். குவீன்ஸ்பிரிட்ஜ் என்னும் மாபெரும் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த நாஸ் தம் ‘இல்மாட்டிக்’ தொகுப்பை 1994 ஏப்ரல் 19 அன்று வெளியிட்டார் என்பதும், அதன் அட்டையில் அந்தக் குடியிருப்பின் படத்தின்மேல் அவருடைய குழந்தைப் பருவ முகம் பதிக்கப்பட்டிருந்தது என்பதும் அவ்வாறே நினைவில் நிற்பவை. கர்நாடக இசையின் மும்மூர்த்திகளைப் பற்றிப் பேசுவோர் கீர்த்தனை இயற்றப்பட்ட ஊரையும் ராகத்தையும் சொல்வார்களே தவிர, நாளைச் சொல்வது அரிது. பழைய கலைகளுக்குக் கோயில், அரண்மனை, மடம் ஆகியவை சாட்சி நின்றன. நெடுஞ்சாலை ஒன்று ஊடறுத்துச் சென்று, 1970களில் கட்டடங்கள் அடுத்தடுத்துத் தீக்கிரையான பிராங்ஸில் சாட்சி சொல்லக் கட்டடமே நிலையாக இல்லை. ஆகவே அங்கிருந்தோர் தேதியைச் சாட்சியாக நிறுத்தினர் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இந்தக் கருத்தை விளங்கிக்கொள்ள மர்பி டவுன் நல்ல இடம். பெங்களூர்க் கண்டோன்மென்டின் கிழக்கில், அல்சூர் ஏரிக்கும் இந்திரா நகருக்கும் இடையில், பழைய மெட்ராஸ் சாலையை ஒட்டி அமைந்த இக்குடியிருப்பு முன்பு நாக்ஸ்பேட்டை எனப்பட்டது. 1920களில் சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் எனப்பட்ட ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியின் ஏழைத் தொழிலாளர்களுக்காக இது திட்டமிடப்பட்டபோது பொறியாளராக இருந்த டபிள்யூ. எச். மர்பியின் பெயர் பின்னர் இதற்கு நிலைத்தது. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை பெங்களூருக்கு மாறியபோது அதன் பின்னே வந்த தமிழ்த் தொழிலாளர்களும் சிப்பாய்களும் அவர்தம் வழிவந்தோரும் இப்பகுதி முழுவதும் தமிழை வேரூன்றச் செய்தனர். ‘தம்பிகள்’ என்று அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்களின் படைமையம் இன்றும் ஏரிக்கரையை ஒட்டியே இருக்கிறது. நகர்த் திட்டத்தை வரைந்தவர் பெயர் ஊர்ப்பலகையில் நிற்க, செங்கல் சுமந்தவர் பெயர் எங்கும் எழுதப்படாமல் போன குடியிருப்புகள் பலவற்றுள் இதுவும் ஒன்று.

இத்தகைய தமிழ்க் குடியிருப்புகளில் ஏப்ரல் மாதத்திற்குத் தனிக் களை உண்டு. பதினான்காம் நாள் சித்திரைப் பிறப்பாகவும் அம்பேத்கர் ஜெயந்தியாகவும் ஒருசேர வருகிறது. நீலக் கொடிகளும் பறையும் ஒலிபெருக்கியும் தெருவை எடுத்துக்கொள்கின்றன. அம்பேத்கர் 1891இல் பிறந்த மாவ் நகரமும் ஒரு கண்டோன்மென்ட் என்பதும், அவர் தந்தை ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர் என்பதும் அல்சூர்ப் பக்கத்து மூத்தோருக்குத் தங்கள் வீட்டுச் செய்திபோல நெருக்கமானவை. அந்நாளைப் பொதுவிழாவாக முதலில் கொண்டாடியது எந்த அரசும் அன்று. 1928 ஏப்ரல் 14 அன்று புனேயில் ஜனார்தன் சதாசிவ் ரணபிசே என்னும் தொண்டர் அதைத் தொடங்கிவைத்தார். அப்போது அம்பேத்கர் முப்பத்தேழு வயதினர். மகாடு குளத்துப் போராட்டம் நடந்து ஓராண்டே ஆகியிருந்தது. உயிரோடிருக்கும் இளந்தலைவர் ஒருவரின் பிறந்தநாளைத் திருநாளாக்கும் துணிவு, நாட்காட்டியைத் தாமே எழுதிக்கொள்ளத் தலைப்பட்ட மக்களுக்கே வரும்.

அந்தத் துணிவுக்குத் தமிழில் இன்னும் பழைய முன்னோடி உண்டு. 1845 மே 20 அன்று சென்னையில் பிறந்து, சித்த மருத்துவராகத் தொழில் செய்து, 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர், 1907 ஜூன் 19 புதன்கிழமை ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் விலை ஒரு பைசா. விலையையே பெயரில் ஏற்றி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று அவர் அதற்குப் பெயரிட்டார். நாட்கூலி பெறுபவர் ஒருவர் கடையில் நின்று யோசிக்காமல் வாங்கக்கூடிய விலை எதுவோ அதுவே இதழின் அடையாளம் என்று அறிவித்த அச்செயல், ஆண்களுக்கு 50 சென்ட், பெண்களுக்கு அதில் பாதி என்று அட்டையில் எழுதிய சிண்டி கேம்ப்பெலின் செயலோடு ஒட்டிப்பிறந்ததாகவே படுகிறது. ஓராண்டுக்குப் பின் ‘ஒரு பைசா’ என்னும் முன்னொட்டு நீங்கி, ‘தமிழன்’ என்ற பெயர் நின்றது. நூற்றாண்டு கழித்து, 2012இல், கோவையிலிருந்து வந்த ஆதி, ஜீவா இருவரின் ‘ஹிப்ஹாப் தமிழா’ குழு தன் முதல் தொகுப்புக்கு ‘ஹிப்ஹாப் தமிழன்’ என்று பெயரிட்டபோது அந்தப் பழைய இதழை நினைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எனினும் இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

அயோத்திதாசரின் எழுத்துகளில் இங்கே விரிவாக நோக்கத் தக்கது அவர் பண்டிகைகளைப் பற்றி எழுதிய பகுதி. தீபாவளி ஓர் அசுரனைக் கொன்ற நாள் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் முறையையும் அந்நெய்யின் மருத்துவக் குணத்தையும் பௌத்த மடத்துத் துறவிகள் கண்டறிய, மக்கள் அதைத் தலையில் தேய்த்துத் தீபவதி என்னும் ஆற்றில் முழுகிய நாளே தீபாவளி என்று அவர் விளக்கினார். கார்த்திகை விளக்கையும் அதே முறையில் ஆமணக்கு நெய்யின் கண்டுபிடிப்போடு இணைத்தார். மருத்துவர் ஒருவரின் கண் இதில் தெரிகிறது: கொலையைக் கொண்டாடுவதைக் காட்டிலும் ஒரு மருந்தைக் கண்டதைக் கொண்டாடுவது தகும் என்று அவர் கருதினார். இவ்விளக்கங்களைக் கல்வெட்டோ பிற சான்றுகளோ கொண்டு நிறுவ இயலுமா என்று வரலாற்றாசிரியர் கேட்பது முறையே. ஆனால் அவர் செய்த வேலையின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பிறருடைய வெற்றிகளைக் கொண்டாடும்படி விதிக்கப்பட்ட மக்களிடம், ஒவ்வொரு திருநாளும் உங்கள் முன்னோர் எதையோ கண்டுபிடித்த நாள் என்று அவர் சொன்னார். நாட்காட்டியின் கட்டங்களை அழிக்காமல், அவற்றின் உரிமையாளரை மாற்றினார்.

அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் கிளைகள் இருந்தன. சுரங்கத் தொழிலாளர்கள் அதன் உறுதியான ஆதரவாளர்களாக விளங்கினர். அவர் 1914 மே 5 அன்று மறைந்தபின் ‘தமிழன்’ இதழுக்கு மறுவாழ்வு கிடைத்ததும் தங்கவயலில்தான். தங்கவயலுக்கும் பெங்களூர்க் கண்டோன்மென்டுக்கும் இடையே உறவும் திருமணமும் வேலையும் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த காரணத்தால், மர்பி டவுன் போன்ற தெருக்களில் அந்த இதழின் சொற்கள் பேச்சாகவேனும் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைப்பதற்கு இடமிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்களைச் சாதிபேதமற்றவர் என்று பதியும்படி அவர் வற்புறுத்தியதன் எதிரொலி, 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பெயரில் கேட்டது. பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில், தென்மாவின் இசை நெறியாளுகையில் கூடிய அக்குழுவில் கானா பாடகர்களும் பறைக் கலைஞர்களும் ராப் பாடகர்களும் ஒரே மேடையில் நின்றனர். கானா என்பது வடசென்னையில் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் வளர்ந்த பாட்டுமுறை. தாளத்தின்மேல் பேச்சை ஏற்றும் கலை அதற்குப் புதிதன்று. தமிழ் ராப்பின் பிறப்புக் குறிப்பை எழுத விரும்புவோர் அந்த ஜனவரி மாலையை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிக் குறிப்பாகவே இருக்கும்.

மற்றப் பாதி பெரிதும் தமிழ்நாட்டுக்கு வெளியே கிடக்கிறது. 1994இல் ‘காதலன்’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் அமைத்த ‘பேட்டை ராப்’ பரவலாக நினைவில் இருப்பது நியாயமே. ஆயினும் திரைப்படத்தின் தயவின்றித் தமிழ் ராப் தனித் தொகுப்பாகக் காலூன்றிய முதன்மையான இடங்களுள் ஒன்று மலேசியா. 1990களில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் ஆகியவற்றைக் கலந்து பாடிய ‘போயட்டிக் ஆம்மோ’ குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, இளையராஜாவின் 1980ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை அடித்தளமாக்கி, சென்னை இளைஞர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. லண்டனில் 1975 ஜூலை 18 அன்று பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம் என்னும் எம்.ஐ.ஏ., 2005இல் ‘அருளர்’ என்று தந்தையின் இயக்கப் பெயரையும் 2007இல் ‘கலா’ என்று தாயின் பெயரையும் தம் தொகுப்புகளுக்கு இட்டார். இடம்பெயர்ந்த குடும்பத்தின் பதிவேடு இசைத்தட்டின் அட்டையாக அமைந்த நிகழ்வு அது. மும்பை தாராவியின் ‘டோபடெலிக்ஸ்’ குழு 2018இல் ‘காலா’ படத்தின் வழியே தமிழகமெங்கும் ஒலித்தது. பெங்களூரிலோ ‘மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்’ என்று தமிழர் தெருவிளியைப் பெயரில் தாங்கிய குழு ஆங்கிலத்தில் பாடியது. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் படைக்கும் ஆலைக்கும் ஆளாக அழைத்துச் செல்லப்பட்ட தமிழர் குடியிருந்த ஊர்களின் பட்டியலோடு இப்பட்டியல் பெருமளவு ஒத்துப்போவது தற்செயலாகத் தோன்றவில்லை. பிறந்த மண்ணில் ஒருவரை இன்னார் என்று சொல்ல ஊரும் உறவும் இருக்கும். பெயர்ந்த மண்ணில் அவரே தம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ராப் அதற்கென்றே அமைந்த வடிவம்.

தேதிகளை நேசிப்போருக்கு இவ்விசை சில சமயம் எதிர்பாராத பரிசுகளைத் தருகிறது. செவ்வியல், ஜாஸ் ஆகியவற்றின் எல்லையைத் தாண்டி, புலிட்சர் இசைப்பரிசு முதன்முறையாக கென்ட்ரிக் லமாரின் ‘டாம்’ என்னும் ராப் தொகுப்புக்கு அறிவிக்கப்பட்ட நாள் 2018 ஏப்ரல் 16. அன்று கூல் ஹெர்க்குக்கு அறுபத்து மூன்று வயது நிறைந்தது. பரிசுக் குழு அதை எண்ணிச் செய்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் நாட்காட்டியை வைத்திருந்தவர்கள் கண்டுகொண்டார்கள்.

நாட்காட்டி வைத்திருப்பதன் பயன் செட்ஜ்விக் அவென்யூவில் வேறுவகையிலும் தெரியவந்தது. 1520ஆம் எண் கட்டடம் நடுத்தர, எளிய வருவாயினருக்கான மிட்செல்-லாமா என்னும் அரசுத் திட்டத்தின்கீழ் வாடகை கட்டுப்படுத்தப்பட்ட இடம். 2007 அளவில் உரிமையாளர் அத்திட்டத்திலிருந்து விலக முற்பட்டபோது, குடியிருந்தோர் கூல் ஹெர்க்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இது ஹிப்ஹாப் பிறந்த வீடு என்று வாதிட்டனர். அதே ஆண்டில் மாநிலத்தின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் அக்கட்டடத்தை அவ்வாறே ஏற்றது. அதன்பின்னும் கட்டடம் வேறு கைக்கு மாறி, பழுதுகளால் சீர்குலைந்து, இறுதியில் 2011இல் நகர நிர்வாகத்தின் கடனுதவியோடு, குறைந்த வாடகையைப் பேணும் நிறுவனம் ஒன்றிடம் வந்து சேர்ந்தது. அந்த 2011 அக்டோபரில்தான் பெங்களூரின் முதல் மெட்ரோ ரயில் பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. சாலைக்கு ஓடத் தொடங்கி, மர்பி டவுனை அல்சூர், இந்திரா நகர் நிலையங்களுக்கு இடையில் நிறுத்திற்று. தொழிலாளர்களுக்கென்று அளந்து கொடுக்கப்பட்ட சிறு மனைகள் நகரத்தின் விலைமிக்க நிலத்தின் அருகில் வந்து நின்றன. ஆகஸ்ட் 11ஐ ஹிப்ஹாப் கொண்டாட்ட நாள் என்று அமெரிக்க செனட் சபை தீர்மானித்தது 2021இல். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே அந்தத் தேதி, ஒரு கட்டடத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் அங்கேயே தொடர்ந்து குடியிருக்க உதவியிருந்தது.