கியா ஃபார்ம் தாண்டுவதற்குள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வானொலி நிலையத்தில் ஓர் அறிவிப்பு தயாராக இருக்கும். "கேமரன் மலைச் சாலையில் வாகனங்கள் ஊர்ந்து செல்கின்றன." எத்தனை முறை வாசித்திருப்பேன்! வாசித்த கையோடு ஒரு பாட்டைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

போன வருடக் கடைசி விடுமுறையில் அந்த அறிவிப்புக்குள் நானே மாட்டிக்கொண்டேன்.

திரிங்காப்பில் எங்கள் வீடு. சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நெஞ்சை இறுக்குகிறது என்றார் அப்பா. முப்பது வருடம் தேயிலைக்குக் கவாத்து வெட்டியவர், வலி என்று வாய் திறப்பவரே இல்லை. மருத்துவமனை தானா ராத்தாவில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அதுவும் இதே சாலையில்தான் ஏறி வந்து, இதே சாலையில்தான் திரும்பிப் போக வேண்டும். காரிலேயே கிளம்பினோம்.

கியா ஃபார்ம் சந்தையில் நின்றுவிட்டோம். இரண்டு பக்கமும் நிறுத்திய கார்கள், நடுவில் திரும்ப முடியாத சுற்றுலாப் பேருந்து, ஸ்ட்ராபெரி பொட்டலங்களோடு குறுக்கே நடக்கும் குடும்பங்கள். ஹாரன் அடித்தேன். "அடிக்காதம்மா, அவங்களும் எங்க போவாங்க?" என்றார் அப்பா, நெற்றியெல்லாம் வேர்வையோடு. தானா ராத்தா போய்ச் சேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது.

முன்பெல்லாம் மேலே வர தாப்பா சாலை ஒன்றுதான். பிறகு சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் சாலை வந்தது. ஈப்போ பக்கத்தாகிவிட்டது என்று நாங்களும் கொண்டாடினோம். ஆனால் இரண்டு வழியாக வருபவர்களும் நடுவில் இருக்கும் அதே பழைய சாலையில்தான் வந்து சேர்கிறார்கள். வாய் இரண்டு, தொண்டை ஒன்று. அதன் ஓரமாக அடுக்குமாடிகளும் விடுதிகளும் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன.

சாலையை அகலப்படுத்தலாமே என்பார்கள். அதற்கு மலையை வெட்ட வேண்டும். கட்டடத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் ஏற்கெனவே வெட்டிய மண் போய்ச் சேர்ந்த இடம் ரிங்லெட் அணை. 2013 அக்டோபர் 23 நள்ளிரவுக்குப் பின் அந்த அணையின் நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் வேலியில் உயிர்கள் போயின. இனியும் வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுமுறை நாட்களிலாவது வெளியூர்க் கார்களை ரிங்லெட்டிலும் கம்போங் ராஜாவிலும் நிறுத்திவிட்டு, ஆட்களைச் சிற்றுந்தில் ஏற்றிவரலாம். புது விடுதிக்கு அனுமதி கொடுக்குமுன் அதைச் செய்யட்டும்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவனுக்குக் கியா ஃபார்மில் காய்கறிக் கடை. "காரு வராட்டி என் தக்காளிய யாருக்கா வாங்குவா?" என்றான். அன்று நாங்கள் அதிக நேரம் நின்றது அவன் கடைக்கு முன்னால்தான். கூட்டத்தில் அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. அப்பா பார்த்தார். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை.

அடைப்பு ஒன்றைச் சரிசெய்து அப்பாவை அனுப்பிவைத்தார்கள். இப்போது பள்ளி விடுமுறைக்கு முதல் நாளே பையைக் கட்டி ஈப்போவில் அத்தை வீட்டுக்கு இறங்கிவிடுகிறார். மாத்திரை டப்பாவும், அத்தைக்கென்று தம்பி கொடுத்த இரண்டு கிலோ தக்காளியும் பையில் இருக்கும்.